கணக்கர் விழுகிற அழகு

தராசு ஆபீஸ் கார் தெருவுக்குள் நுழைந்ததும் அத்தனை வீடுகளிலும் ஒரே நேரத்தில் ஜன்னல் துடைக்கிற வேலை வந்துவிட்டது. துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தவர்களும் உண்டு. காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் பாதுகாப்பு அதிகாரி, அவருக்குப் பின்னால் பூங்கொத்தோடு ஒருவர், பூங்கொத்துக்காரர் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள இன்னொருவர். மூவரும் போய், தெரு 'பிரேக்' என்று கூப்பிடுகிற பஸ் டிரைவரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"பொண்டாட்டி பேர்ல ஏதோ விருது கொடுக்கிறாங்க போல," என்றது ஒரு ஜன்னல்.

"அவ போய் ஒரு வருஷம் ஆகப்போகுதே, இப்பவா?"

"அந்த ஆபீசுக்கு ஒரு வருஷம்னா அவசரம்னு அர்த்தம்."

விருது இல்லை. ஆள் கேட்டு வந்திருந்தார்கள். பாதுகாப்பு நாளில் அவர்கள் நடத்தும் அலர்ஜி ஒத்திகைக்கு இந்த வருடம் நோயாளி கிடைக்கவில்லை. வழக்கமாக விழுகிறவர் இனிமேல் விழமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"உங்களுக்குத்தான் சார் இதுல அனுபவம் இருக்கு," என்றார் பாதுகாப்பு அதிகாரி, குரலில் அவ்வளவு மரியாதை வைத்து.

பிரேக் பூங்கொத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த அனுபவத்தைச் சொல்கிறார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவருக்கு இந்த ஆபீஸ் சொல்லும் எதுவுமே ஒரே தடவையில் பிடிபட்டதில்லை.

டவுன் பஸ் ஓட்டுகிறவர் அவர். தெருவில் பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு நின்றாலே பிரேக்கை மிதித்துவிடுவார். பந்து உருள வேண்டும், பிள்ளை பின்னால் ஓட வேண்டும் என்றெல்லாம் காத்திருக்கிற பொறுமை கிடையாது. நாய் சாலையைப் பார்த்தால் மிதிப்பார். சைக்கிள்காரர் தும்மினால் மிதிப்பார். நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வழியில் இரண்டு கல்யாணம் இப்படித்தான் கூடியது என்று கண்டக்டர் சொல்வார், அது எவ்வளவு உண்மையோ. பட்டப்பெயர் வந்தது இப்படி. சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

அவர் மனைவி தராசு ஆபீசில் தபால் பிரிவு. காலையில் அவர் பஸ்ஸிலேயே ஏறி, டிக்கெட் வாங்கி, அவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்வார். பிள்ளை குட்டி கிடையாது. இருந்த கொஞ்சல் சண்டையையெல்லாம் இருவரும் அந்தப் பாதையில்தான் முடித்துக்கொள்வார்கள். பஸ் குலுங்கி நின்றதும் பின்னாலிருந்து குரல் வரும்.

"இப்ப எதுக்குங்க மிதிச்சீங்க?"

"அந்த ஆட்டைப் பாரு."

"ஆடு பாட்டுக்கு ஓரமா நிக்குது. ஒண்ணும் வரலையே?"

"அதுக்குத்தான்."

இது தினமும் நடக்கும். ஆடு மட்டும் மாறும். பஸ்ஸில் மற்றவர்களும் இதைக் கேட்டுக் கேட்டு, அந்த அம்மா வாயைத் திறக்குமுன் "அதுக்குத்தான்" என்று கோரஸ் பாடுவார்கள்.

தராசு ஆபீஸ் என்பது தெருவில் வைத்த பெயர். கடைகளில் இருக்கும் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, சரியாக இருந்தால் ஈயத்தில் முத்திரை அடித்துக் கொடுக்கும் அலுவலகம் அது. முத்திரை அடிக்கிற கை சும்மா இருக்காது. நாளடைவில் கண்ணில் பட்டதற்கெல்லாம் அடித்தார்கள். தண்ணீர்க் குழாய்க்கு முத்திரை. சுவர்க் கடிகாரத்துக்கு முத்திரை. அதனால் அது நின்றபோது யாராலும் சாவி கொடுக்க முடியவில்லை. புகார்ப் பெட்டிக்கும் முத்திரை. அதை உடைக்க இயக்குநர் வர வேண்டும். உள்ளே தன்னைப் பற்றி என்ன இருக்குமோ என்று இயக்குநர் வருவதில்லை. ஆகவே, அந்த அலுவலகத்தின் மேல் புகாரே கிடையாது.

அந்த அம்மாவுக்கு முந்திரி ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைக் கலக்குகிற ஆகாது இல்லை; ஆளையே கொண்டுபோகிற ஆகாது. டாக்டர் ஒரு பேனா ஊசி எழுதிக் கொடுத்திருந்தார். தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து இறங்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று கைப்பையில் அதைப் பார்த்த பாதுகாப்பு அதிகாரி அதிர்ந்துபோனார்.

"எபிநெஃப்ரின்!" என்றார். அந்தச் சொல்லைத் தப்பில்லாமல் சொல்ல முடிந்ததில் அவருக்கு ஒரு பூரிப்பு. "இதையெல்லாம் தனி ஆள் கையில விடக்கூடாதும்மா. பயந்துபோய் நீங்களே போட்டுக்கிட்டீங்கன்னா?"

"பயமா இருந்தா போட்டுக்கத்தானே சார் கொடுத்திருக்காங்க?"

"அதான் ஆபத்து," என்றார் அவர்.

ஊசி கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. பெட்டிக்கு ஈய முத்திரை விழுந்தது. வருடா வருடம் ஊசி காலாவதியாகும். அந்த அம்மா புதியது வாங்கி வந்து கொடுப்பார். பழையதை எறிய மாட்டார்கள். நீல நாடா கட்டி, பெட்டிக்கு மேல்தட்டில் கோப்பைகளைப் போல வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். வருகிற விருந்தினர்களுக்கு அதைக் காட்டி, "ஒண்ணைக்கூட நாங்க வீணாக்கல," என்பார் இயக்குநர்.

பாதுகாப்பு நாள் ஒத்திகைக்குக் குடும்பத்தாரையும் கூப்பிடுவார்கள். பிரேக் ஒரு தடவை போய் வந்தார். அன்று கணக்கர் விழுந்ததைப் பற்றி அவர் தெருவில் சொன்னதைக் கேட்டுச் சிரித்த பல் இன்னும் சிலருக்கு வலிக்கிறது.

நோயாளி வேடம் கணக்கருக்கு. மற்ற நாளெல்லாம் கூட்டல் கழித்தலில் குனிந்தே கிடக்கிற மனிதர் அவர். அந்த ஒரு நாள் மட்டும் நிமிர்ந்து நிற்பார். பிஸ்கட் ஒன்றைக் கடிப்பார். உடனே தொண்டையைப் பிடித்துக்கொள்வார். கண்கள் சொருகும். நாற்காலியைத் தட்டிவிடுவார். மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் திரையைப் பிடித்துத் தொங்கி, அங்கே நின்று தன் வீட்டுக்காரிக்கு இரண்டு வார்த்தை சொல்லுவார். வாயிலிருந்து நுரை வரும். அது பற்பசை என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் முன்வரிசை சற்றுப் பின்வாங்கும். கடைசியில், தயாராகப் போட்டு வைத்திருக்கும் மெத்தையில், வேரோடு சாய்கிற மரம்போல விழுவார். அவர் விழுந்த பிறகுதான் மணி அடிக்கும். பாதுகாப்பு அதிகாரி குறடால் முத்திரையை வெட்டுவார். இயக்குநர் தலையசைப்பார். ஊசியில்லாத போலிப் பேனாவைத் தொடையில் அழுத்துவார்கள். கணக்கர் எழுந்து கும்பிடுவார். அரங்கம் அதிரும். உண்மையைச் சொன்னால், கைதட்டல் அவர் எழும்போது வருவதில்லை. விழும்போதே வந்துவிடும். விழுகிற அழகு அப்படி.

அப்புறம் இயக்குநரின் உரை.

"நாம் அளக்கிற துறை," என்றார் இயக்குநர். "அளக்க முடியாதது எதுவும் நமக்கு இல்லாதது. ஓர் ஊசியை அவசரப்பட்டுப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. ஆனால் போடாத ஊசியை எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆகவே நண்பர்களே, சந்தேகம் வந்தால் காத்திருங்கள். நோயாளி விழுந்துவிட்டால் சந்தேகமே இருக்காது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பிரேக்கின் காதருகே குனிந்தார். "எனக்கு வந்தா இப்படியெல்லாம் இருக்காதுங்க."

"பின்ன எப்படி?"

"சின்ன வயசுல ஒரு தடவ வந்துச்சு. உள்ளங்கை அரிச்சுது. அப்புறம் ஒரு பயம். என்னன்னு சொல்றது... கூட்டத்துல அம்மா கை நழுவிடுச்சுன்னா வரும் பாருங்க, அது மாதிரி. அவ்ளோதான். நான் உருளவும் இல்ல, பொரளவும் இல்ல."

"இத அவங்ககிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேனே. பயத்துக்கு அலகு கிடையாதும்மான்னுட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். மேடையில் கணக்கர் வாயைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். "தங்கச்சி, எப்படி விழுந்தேன்?" என்று ஆவலாகக் கேட்டார்.

"அண்ணே, உங்களுக்கு வந்த மாதிரி எனக்கே வராது," என்றார் அந்த அம்மா.

கணக்கருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு நாள் நடுமத்தியானம் டிப்போவுக்கு போன் வந்தது. பிரேக் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மனைவியின் செருப்பை ஒரு நர்ஸ் அவர் கையில் கொடுத்தார். ஒற்றைச் செருப்பு. இன்னொன்று எங்கே என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று முழுக்க அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று கூடப் போனவர்கள் சொல்கிறார்கள்.

இரங்கல் கூட்டம் அதே அரங்கில் நடந்தது. நீல நாடா கட்டிய ஊசிகளின் வரிசையில் அன்று ஒன்று கூடவில்லை; அந்த வருடத்து ஊசி பயன்பட்டுவிட்டதல்லவா. அது இயக்குநரைக் கொஞ்சம் வருத்தியிருந்தது என்றே தோன்றியது.

"அம்மையார் கடைசிவரை ஒழுங்கு மீறவில்லை," என்றார் அவர். "இரைச்சல் போடவில்லை. எந்த அறிகுறியும் காட்டாமல், யாரிடமும் எதுவும் சொல்லாமல், அமைதியாக நம்மை விட்டுப் பிரிந்தார். அவர் கீழே விழுந்த கணமே மணி அடிக்கப்பட்டது. முத்திரை முறைப்படி வெட்டப்பட்டது. ஊசி போடப்பட்டது. ஒத்திகையில்கூட நாம் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. நம்மால் முடிந்ததில் ஒன்றும் குறையில்லை என்பதே நமக்கெல்லாம் ஆறுதல்."

எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். பிரேக் மட்டும் குனியவில்லை. அவருக்கு ஒரே ஒரு சொல் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டிருந்தது. சொல்லாமல். யார், இவளா? கடைக்குப் போனால் சொல்லுவாள், மாடிக்குத் துணி எடுக்கப் போனால் சொல்லுவாள், தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தூங்கிவிட்டேன் என்றும் சொல்லப் பார்ப்பாள். அவளா யாரிடமும் எதுவும் சொல்லாமல் போயிருப்பாள்?

தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். "சொல்லாமப் போற ஆளாங்க அவ?" ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள். விதி என்றார்கள். டீ ஆறுகிறது என்றார்கள். கொஞ்ச நாளில், அவர் வருவதைப் பார்த்தால் செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்கள். தெரு அப்படித்தான்; துக்கம் கேட்கத் தெரியும், துக்கம் திரும்பக் கேட்டால் தெரியாது.

கணக்கர் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தது அதற்குப் பிறகு. அவர் வீடு வேறு திசை. ஆனாலும் சாயங்காலம் ஏறுவார், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், காலியாக இருக்கும் பின்சீட்டில் உட்கார மாட்டார், கடைசி நிறுத்தத்தில் இறங்கி, திரும்ப அதே பஸ்ஸில் ஏறிப் போவார். பஸ் குலுங்கும்போது பழைய பயணிகள் யாராவது, "ஒண்ணும் வரலையே டிரைவர்?" என்று கேட்பார்கள். பழக்கம். பிரேக்கும் பழக்கத்தில் "அதுக்குத்தான்" என்பார். இப்போதெல்லாம் யாரும் சேர்ந்து சொல்வதில்லை. கணக்கர் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.

"உங்களுக்கு மாப்பிள்ளை கிடைச்சிருக்காரு," என்று கண்டக்டர் கேலி செய்தார். "தினம் வந்து பார்த்துட்டுப் போறாரு, பிடிச்சிருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாரு."

ஒரு சாயங்காலம் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் டீ குடிக்கப் போய்விட்டார். கணக்கர் இறங்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியின் மேல் வந்து உட்கார்ந்தார். அது சூடாக இருந்திருக்கும். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"மாப்பிள்ளை, தங்கச்சி சொல்லுச்சு."

பிரேக் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

"கேக்குக்குள்ள அரைச்சுப் போட்டிருக்காங்க. முத்திரை ஆய்வாளருக்கு வழியனுப்பு. முந்திரி இருக்கான்னு தங்கச்சி கேட்டுச்சு. எங்கயாவது தெரியுதா பாருங்கம்மான்னு சொன்னாரு பாதுகாப்பு. தெரியல. எங்க யாருக்கும் தெரியல. ஒரு வாய் வச்சிருக்கும். நேரா அவர்கிட்ட போச்சு. 'உள்ளங்கை அரிக்குது சார். எனக்கு என்னமோ ஆகப்போகுது. அந்த ஊசியப் போட்டுடலாம் சார்.' இதே வார்த்தை."

"அப்புறம்?"

"யாரும் சும்மா இருக்கல மாப்பிள்ளை. அதத்தான் சொல்ல வந்தேன். சும்மா இருந்திருந்தாக்கூட மனசு ஆறும். பாதுகாப்பு குறடக் கையில எடுத்துட்டாரு. இயக்குநர் ஓடி வந்தாரு. மணிகிட்ட ஆள் போயாச்சு. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க நின்னாச்சு. மெத்தையைக்கூட..." அவர் நிறுத்தினார். "மெத்தையைக்கூடக் கொண்டுவந்து தங்கச்சி முன்னால போட்டோம். போட்டுட்டு, விழட்டும்னு பாத்துட்டு நின்னோம்."

வெளியே யாரோ பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டி, வண்டி எப்போ எடுக்கும் என்று கேட்டார்கள்.

"மறுபடியும் சொல்லுச்சு. 'பயமா இருக்கு சார், போட்டுடுங்க.' இயக்குநருக்குச் சந்தேகம் வந்துருச்சு. என்னைக் கூப்பிட்டாரு. 'கணக்கரே, நீங்க சொல்லுங்க, இது அதுவா?' என்னை, மாப்பிள்ளை. நான் தங்கச்சிய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தேன். நின்னுட்டிருக்கு. பேசுது. நுரை இல்ல. 'இது அது இல்ல சார். அதுன்னா மொதல்ல கண்ணு சொருகும். ஒம்பது வருஷமா எனக்குத்தான வந்துட்டிருக்கு, எனக்குத் தெரியாதா?'ன்னேன்." கணக்கர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "தங்கச்சி என்னைப் பாத்து லேசா சிரிச்சுச்சு. கோபமே படல. அப்புறம் கொரல் கம்மிப்போச்சு. தண்ணி குடிங்கன்னோம். நாற்காலி நுனியில உக்காந்துச்சு. 'இந்நேரம் பஸ் பாலத்துகிட்ட வந்திருக்கும்'னுச்சு. அவ்ளோதான்."

"விழுந்தாளா?"

"மெத்தையில விழல. அந்தப் பக்கம் விழுந்துச்சு."

கணக்கர் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். "விழுந்ததும் பின்னால யாரோ கை தட்டிட்டாங்க. ரெண்டு தட்டு. பழக்க தோஷம். சட்டுன்னு நின்னுருச்சு. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. சில நாள், அது என் கையாவே இருக்குமோன்னு தோணுது."

பிரேக் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். கண்டக்டர் டீயோடு வந்து பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார். வாய்க்காரர்தான், ஆனால் போகத் தெரிந்தவர்.

"சொன்னாளா," என்றார் பிரேக், நெற்றியை எடுக்காமல்.

"சொல்லுச்சு மாப்பிள்ளை. திரும்பத் திரும்பச் சொல்லுச்சு."

"சொல்லாமப் போகல."

"போகல."

அதன் பிறகுதான் கணக்கர் இனிமேல் விழுவதில்லை என்று ஆபீசில் சொன்னது. காரணம் கேட்டார்கள். இடுப்பு வலி என்றார். அங்கே இடுப்பு வலிக்கு மதிப்புண்டு; அதை எக்ஸ்ரே எடுக்கலாம்.

பூங்கொத்தோடு வந்த மூவருக்கும் பிரேக் சரி என்று சொன்னதைக் கேட்டு, தெருவில் துணிகள் ஜன்னலிலேயே நின்றுவிட்டன. "பொண்டாட்டி செத்த மாதிரி நடிக்கப் போறாராம்! பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று கேட்டார்கள். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் சொன்னது அந்த அரங்கத்தில், அத்தனை பேர் காதிலும் ஒரு தடவை விழ வேண்டும். அவள் சொன்னாள் என்று யாராவது ஒரு ஆள் அங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேறு எந்த வழியில் அவரை மேடையில் ஏற்றுவார்கள்?

பாதுகாப்பு அதிகாரி அவருக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கே ஆள் அனுப்பினார். எப்படிச் சுற்ற வேண்டும், எந்தத் தோளைக் கொடுத்து விழ வேண்டும் என்று வந்தவர் கூடத்தில் விழுந்து விழுந்து காட்டினார். பிரேக் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார்.

பாதுகாப்பு நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. நீல நாடா வரிசையில் நடுவே ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள், விழுந்த பல்லுக்கு விடுவதைப் போல. இயக்குநர் பேசினார்.

"கடந்த ஆண்டு, எந்த அறிகுறியும் காட்டாமல் பிரிந்த நம் அன்புச் சகோதரியின் நினைவாக, இந்த ஒத்திகைக்கு அவர் பெயரையே வைக்கிறோம். அறிகுறிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவருடைய கணவரே நமக்கு இன்று நடித்துக் காட்டுவார்."

பிரேக் மேடை ஏறினார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்; அவரே போட்டது, மடிப்பு கோணலாக இருந்தது. மெத்தை கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். உள்ளங்கையை ஒரு தடவை சொறிந்தார்.

"உள்ளங்கை அரிக்குது சார்," என்றார். "எனக்கு என்னமோ ஆகப்போகுது. அந்த ஊசியப் போட்டுடலாம் சார்."

அவர் குரல் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி சாதாரணமாக இருந்தது. மைக் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் கடைசி வரிசைவரை கேட்டது.

யாரும் அசையவில்லை. மணியடிக்கிறவர் மணிக்கயிற்றில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாதுகாப்பு அதிகாரி குறடோடு காத்திருந்தார். முன்வரிசை, நுரைக்குப் பயந்து, ஏற்கெனவே பின்வாங்கி உட்கார்ந்திருந்தது.

"ஆரம்பிக்கலாம் சார்," என்று மெதுவாகச் சொன்னார் பாதுகாப்பு அதிகாரி.

"ஆரம்பிச்சாச்சு," என்றார் பிரேக்.

கொஞ்சம் சிரிப்பு கேட்டது. அடங்கியது.

"பயமா இருக்கு சார். போட்டுடுங்க."

இயக்குநர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். பாதுகாப்பு அதிகாரி மெத்தையைப் பார்த்தார். குனிந்து, அதை நாற்காலிக்குச் சற்று அருகில் இழுத்துப் போட்டார், ஒருவேளை தூரம்தான் பிரச்சினையோ என்று. அதைப் பார்த்த பிறகுதான் தபால் பிரிவு வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். இதே மெத்தையை இதே கை இதே மாதிரி இழுத்ததை அவர் முன்பு பார்த்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் பார்த்திருக்கிறார். அந்த வரிசை முழுக்கத் தலை குனிந்தது.

"தயவுசெஞ்சு விழுங்க சார்," என்றார் பாதுகாப்பு அதிகாரி. அவர் நெற்றியில் வியர்வை. "நீங்க விழுந்தாத்தான் நாங்க ஏதாவது பண்ண முடியும்."

பிரேக் விழவில்லை. தொண்டையைச் செருமினார். அடுத்துச் சொல்ல வேண்டிய ஒரு வரிதான் மிச்சம். அதைச் சொல்லத் தன்னால் முடியாது என்பது மேடையில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது.

"இந்நேரம் பஸ்..."

கணக்கர் எழுந்தார். இடுப்பு வலிக்காரர் எவரும் அப்படி எழ முடியாது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, மேடைப் படியில் தடுக்கி, இந்தத் தடவை நிஜமாகவே தடுக்கி, முழங்காலால் ஊர்ந்து போனார். மேசை மேல் இருந்த போலிப் பேனாவை எடுத்தார். பிரேக்கின் தொடையில் வைத்து அழுத்தினார்.

டக்.

மணி அடிக்கவில்லை. யாரும் தலையசைக்கவில்லை. கைதட்டலும் இல்லை.

"கணக்கரே!" இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். "என்ன பண்றீங்க? அவருக்கு ஒண்ணுமே ஆகலையே!"

"அதுக்குத்தான் சார்," என்றார் கணக்கர். பேனாவை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தார். அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்பது ஒத்திகையில் அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதுதான், படுத்திருந்தபடி கேட்டது. "தங்கச்சி சொல்லுச்சு சார். நாம எல்லாரும் கேட்டோம்."

இயக்குநர் அரங்கத்தைப் பார்த்தார், யாராவது மறுப்பார்கள் என்று. தபால் பிரிவு வரிசை குனிந்தபடியே இருந்தது. ஒருவரும் மறுக்கவில்லை. பிறகு அவர் பாதுகாப்பு அதிகாரியிடம் ஏதோ சொல்ல, பாதுகாப்பு அதிகாரி மைக்கைப் பிடித்து, நோயாளி விழாததால் இந்த ஆண்டு ஒத்திகை செல்லாது என்றும், அனைவருக்கும் பிஸ்கட் வெளியே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் அறிவித்தார்.

பிரேக் அதைக் கேட்கவில்லை. அவர் தன் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கர் கையிலிருந்த பேனாவை மெல்ல வாங்கினார். இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்தது. தானே தொடையில் வைத்து இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். டக். ஒரு பேச்சு முடியுமுன், ஒரு பொத்தான் போடுமுன், முடிந்துபோகிற சத்தம்.

"இவ்ளோதானா?" என்று கேட்டார்.

"இவ்ளோதாங்க மாப்பிள்ளை," என்றார் கணக்கர்.

அரங்கம் காலியாகிற வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள், ஒருவர் நாற்காலியில், ஒருவர் மெத்தையில்.